போகிக்கு முன் பரணிலிருந்து இறங்கும் போட்டோக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகியன்று டயர், ரப்பர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. தங்கள் நாளிதழும் அதை வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாமலே குவியலுக்குப் போகும் பொருள் ஒன்று உண்டு. பரணிலிருந்து இறங்கும் பழைய போட்டோக்கள்தான் அது. செல்லரித்த ஆல்பம், கண்ணாடி விரிசல் விட்ட சட்டம், "இவர்களெல்லாம் யாரென்றே தெரியவில்லை" என்று ஒதுக்கிய குரூப் படம், ரப்பர் பேண்டு போட்ட நெகட்டிவ் கட்டு. எரிக்க மனம் வராதவர்கள் வேறொன்று செய்கிறார்கள்: ஒரிஜினலையே கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டு வாங்கி வருகிறார்கள். பலன் என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் இந்த இரண்டு வாரத்தில்தான் இந்த இரண்டு காரியமும் அதிகம் நடக்கும். ஸ்டூடியோ, பிரேம் கடை, ஸ்கேனிங் என்று இதே தொழிலில் இருக்கும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பாதியையாவது வெளியிட்டால் போதும்.

முதலில் லேமினேஷன். போட்டோவை எம்டிஎஃப் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலத்தை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறக்குவார்கள். படலத்தின் அடியில் இருக்கும் பசை உருகி, போட்டோவின் மேல்தோலான ஜெலட்டினோடு ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க வழியே கிடையாது. பிரித்தால் படலத்தோடு முகமும் சேர்ந்து வரும். பலகையோ மரத்தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்தியது. ஈரம் பட்டால் ஓரத்திலிருந்து ஊதிக்கொண்டு வரும். அதிலிருந்து கசியும் அமில ஆவி படத்தைப் பின்பக்கமிருந்து பழுக்க வைக்கும். படத்துக்குப் பின்னால் யாரோ எழுதி வைத்த பெயரும் தேதியும், ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரையும், நெகட்டிவ் எண்ணும் பலகைக்குள் போய்விடும். இதில் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்கிறார். "காப்பி எடுத்து அதை லேமினேட் பண்ணுங்க, ஒரிஜினலைக் கையில கொடுங்க" என்று சொல்ல வேண்டியது நாம்தான். சுவரில் நகல், பீரோவில் ஒரிஜினல். இந்தக் கடிதத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று போதும்.

அடுத்தது, சுவரிலிருந்து இறக்கிய பழைய கண்ணாடிச் சட்டம். மடித்த போர்வையின் மேல் குப்புற வையுங்கள். பின்னால் காக்கிக் காகிதம் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால் சுற்றிலும் சிறு ஆணிகள், அதற்குள் ஒரு அட்டை. பெரும்பாலும் பழைய காலண்டர் அட்டையோ பெட்டி அட்டையோதான், பழுப்பேறி வறட்டி போல ஒடியும். ஆணிகளைக் குறட்டால் பக்கவாட்டில் வளைத்துவிட்டு அட்டையை எடுங்கள். வெள்ளி நிறத்தில் நாலைந்து பூச்சி வழுக்கிக்கொண்டு ஓடினால் அது ராமபாணம். அதற்கு மைதாப் பசையும் பிடிக்கும், ஜெலட்டினும் பிடிக்கும். படம் தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, அடியில் ஸ்டூடியோவின் பெயர் புடைப்பெழுத்தில் இருந்தால் அந்த அட்டையை வெட்டவோ உரிக்கவோ கூடாது. அந்தக் காலத்து அட்டை அமிலத்தால் மொரமொரப்பாகிக் கிடக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் படத்தோடு சேர்ந்தே முறியும். அடியில் இன்னொரு அட்டையைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அட்டை வந்த பிறகும் படம் கண்ணாடியை விட்டு வரவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் சாய்த்து முன்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட இடம் மட்டும் உள்ளே தண்ணீர் நிற்பது போலக் கருத்து மினுங்கும். ஒட்டாத இடம் சற்று மங்கலாக இருக்கும். காரணம் நம் ஊர் மழைக்காலம். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பிப் பிசுபிசுக்கிறது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடாமல் சட்டம் போட்டிருப்பதால் அதில் ஒட்டுகிறது. பங்குனி வெயிலில் காய்ந்து இறுகிவிடுகிறது. இப்படி முப்பது ஐப்பசி கடந்த படத்தைக் கத்தி நுழைத்துப் பிரித்தால் மூக்கும் நெற்றியும் கண்ணாடியில் தங்கிவிடும்.

முதல் வேலை, கண்ணாடியோடு அப்படியே ஒரு நகல் எடுப்பது. வெளிப்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ஊற்றித் துடைக்கக் கூடாது, ஓரத்தில் உள்ளே இறங்கும். சந்தனம், குங்குமம், விளக்குப் புகை எல்லாம் அதில்தான் படிந்திருக்கும். நேர் வெயில் வராத ஜன்னலோரம் படத்தை வைத்து, கேமராவையோ போனையோ பிடிப்பவர் தமக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸ் அளவுக்கு மட்டும் அதில் ஓட்டை போட்டுக்கொண்டால் கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது. பிளாஷ் வேண்டாம். போன் படத்துக்கு இணையாக இருக்க வேண்டும். கிட்டே போகாமல் சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது.

நகல் கையில் வந்த பிறகு, ஒட்டியதைப் பிரித்தே தீர வேண்டும் என்றால் ஒரே வழி தண்ணீர். அதுவும் எல்லாப் படத்துக்கும் ஆகாது. காகிதத்தில் கழுவிய கறுப்பு வெள்ளைப் படமும் லேபில் போட்ட கலர் பிரிண்டும் தாங்கும். கையால் வண்ணம் தீட்டியது, இங்க்ஜெட் பிரிண்ட், அட்டையில் ஒட்டியது இவை மூன்றும் தாங்காது. பூஞ்சை பிடித்த படமும் கூடாது: பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் கண்ணெதிரே மிதந்து போகும். மற்றதை அகலமான தட்டில் கண்ணாடி அடியிலும் படம் மேலுமாக வைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்புத் திட்டாகக் காயும். வெயிலில் சூடேறிய தொட்டித் தண்ணீரும் வேண்டாம், ஜெலட்டின் இளகிவிடும். அரை மணியில் விடுவதும் உண்டு, ஒரு நாள் இழுப்பதும் உண்டு. விரலால் தள்ளிப் பார்க்கலாமே தவிர இழுக்கக் கூடாது. விட்டு வந்ததும் முகம் மேலாகச் சுத்தமான பாலியஸ்டர் துணியில் நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மையொற்றுத்தாளுக்கு நடுவே வைத்து ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். முழுப் படமும் கண்ணாடியோடு ஒன்றிப்போயிருந்தால் பிரிக்காமல் கண்ணாடியோடே ஒரு காகித உறையில் வைத்துவிடுவதுதான் எங்கள் அபிப்பிராயம். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் அதில் தண்ணீர் பரீட்சை எதற்கு?

1980, 90களின் கல்யாண ஆல்பங்களில் வேறு தொல்லை. அட்டையில் வரி வரியாகப் பசை தடவி, மேலே ஒட்டிப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஸ்டிக்கர் ஆல்பம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்தது. அந்தப் பிளாஸ்டிக் பிவிசியாக இருந்தால் காலப்போக்கில் கசிந்து பிசுபிசுக்கும். பசையோ மஞ்சளாகி, படத்தின் பின்னால் கோடு கோடாகத் தெரியும். இதைப் பிரிக்கக் கத்தி எடுக்காதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலோ மெல்லிய நைலான் நூலோ ஒன்றரை அடி எடுத்து, இரு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பது போல இங்குமங்கும் இழுத்துக்கொண்டே கீழே வாருங்கள். நூல் எப்போதும் அட்டைப் பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும். படத்தை மேல்நோக்கி வளைத்தால் ஜெலட்டினில் வெள்ளை வெள்ளையாக மடிப்பு விழும், அதை எந்தச் சாப்ட்வேரும் முழுதாக எடுக்காது. நூல் நகரவில்லை என்றால் படத்தைச் சுற்றி அட்டையையே வெட்டி எடுத்துவிடுங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. பிளாஸ்டிக் பூசிய கலர் பிரிண்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கலர் படம் சிவந்து போவதைப் பற்றியும் கேட்பார்கள். கலர் பிரிண்டில் இருப்பது வெள்ளி அல்ல, மூன்று சாயங்கள்: மஞ்சள், மெஜந்தா, சயான். 1970, 80களின் காகிதங்களில் சயான் இருட்டில் வைத்தாலும் தானாக வெளிறும். மற்ற இரண்டும் மிஞ்சுவதால் ஆல்பத்துக்குள் இருந்த படமே செம்மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது. வெயில் படும் சுவரில் இருந்ததோ வேறு விதமாக, பெரும்பாலும் நீலம் பாய்ந்து வெளிறும். கறுப்பு வெள்ளைப் படத்தின் கரிய பாகத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலமாக வெள்ளிப் பளபளப்பு தெரிவது அழுக்கல்ல. வெள்ளியே மேலே வந்து பூத்திருக்கிறது. துடைத்தால் படம்தான் தேயும். மொத்தமும் பழுப்பேறியிருந்தால் அன்றைக்கு, படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ என்ற ரசாயனம் போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். கல்யாண சீசனில் அவசரமாகப் போட்ட பிரிண்டுகளில் இது சகஜம்.

நெகட்டிவ் கட்டைக் கண்டால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எக்ஸ்ரே பிலிம் வாங்குபவர்கள் அதில் இருக்கும் வெள்ளிக்காக இதையும் கேட்பார்கள். பிரிண்ட் எத்தனை அழகாக இருந்தாலும் மூலம் நெகட்டிவ்தான். அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவில் 120 பிலிமில் எடுத்த சதுர நெகட்டிவ் பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர். அதிலிருந்து ஆள் உயரப் படம்கூடப் போடலாம். பிலிம் ஓரத்தில் தயாரிப்பாளரின் பெயர் அச்சாகியிருக்கும், தேதி தெரியாத படத்துக்கு அது ஒரு துப்பு. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம் என்றால் 1960களின் பிற்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. கட்டைப் பிரித்ததும் புளித்த காடி வாடை அடித்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்பதால் அதைத் தனியே காகித உறையில் போட்டு, மற்றதைவிட முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தால் ஜெலட்டின் பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளிச்சென்று இருக்கும். துடைப்பதானால் பளிச்சென்ற பக்கத்தை மட்டும்தான். நல்ல கண்ணாடி என்று சுரண்டி வேறு படத்துக்குப் போட்டு ஒழிந்தவை போக மிஞ்சியவை கொஞ்சம்தான்.

ஸ்கேனிங்கில் எண்ணைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சாதாரணப் பிரிண்டுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. நாலுக்கு ஆறு படம் அதில் 2400க்கு 3600 புள்ளி வரும், சுருக்காமல் டிஃப் (TIFF) கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி. பாஸ்போர்ட் சைஸுக்கு 1200. முப்பத்தைந்து எம்எம் நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் மோடிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழுப்பு, நீலம், மசிக்கறை எல்லாம் தனித்தனி நிறமாகப் பதிந்தால்தான் பின்னால் பிரித்து எடுக்க முடியும். ஷார்ப்னெஸ், தூசு நீக்கம் போன்ற தானியங்கி வசதிகளை அணைத்துவிடுங்கள். கலர் பிலிமில் தூசைக் கண்டுபிடிக்கும் அகச்சிவப்புக் கதிர் வசதி கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வேலை செய்யாது. வெள்ளித் துகளையே தூசு என்று நினைத்துப் படத்தைக் கெடுக்கும். படத்தின் பின்பக்கத்தையும் ஒரு முறை எடுங்கள். எழுத்து இல்லாவிட்டாலும் முத்திரை இருக்கும், முத்திரையில் ஊர் இருக்கும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் மேலே சொன்ன கறுப்புத் துணி முறையில் போனில் எடுத்தாலே எழுபது சதவீத வேலை ஆகும். ஆனால் எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள். கோப்புக்கு ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுங்கள்: '1974-மன்னார்குடி-பெரியம்மா-கல்யாணம்-03'. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் '197x' என்று போடலாம், வரிசை குலையாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கடைசியது அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டு ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம். பென் டிரைவையும், வீட்டில் எழுதிய சிடியையும் நம்ப வேண்டாம். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் 15 ஜிபிக்கு மேல் இலவசம் இல்லை. இரண்டு ஆண்டு தொடாத கணக்கை அழிக்கும் விதியும் இருக்கிறது. தாத்தா பெயரில் கணக்கைத் தொடங்கி மறந்துவிடும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. விரிசலை அடைக்க, கறையை எடுக்க அவை உதவும். ஆனால் மங்கிய முகத்தை 'தெளிவாக்கு' என்று கேட்டால் அது தெளிவாக்குவதில்லை, புதிதாக வரைகிறது. பாட்டியின் மூக்குத்தியை மரு என்று எண்ணி அழிக்கும். தாத்தாவின் அம்மைத் தழும்பைத் துடைத்து மழமழவென்று ஆக்கும். கலர் ஏற்றச் சொன்னால் அரக்குப் பட்டு ஊதாவாகும். விளையாட்டுக்குச் செய்துகொள்ளுங்கள், ஆனால் கோப்பின் பெயரிலேயே 'மாற்றியது' என்று எழுதிவிடுங்கள். பத்து வருடம் கழித்து எது பாட்டி, எது செயலி என்று யாருக்கும் தெரியாது. கண்ணீர் அஞ்சலிக்கு வாக்காளர் அட்டைப் படத்தை ஊதிப் பெரிதாக்கி, கோட்டு சூட்டு மாட்டிய வேறோர் உடம்பில் தலையைப் பொருத்தும் வழக்கம் இருக்கிறதே, அது இதற்கு அண்ணன். அஞ்சலி விளம்பரங்களைத் தினமும் அச்சிடும் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஒரிஜினலை வைக்கும் இடம். பரண் கூடாது, மொட்டைமாடித் தளத்தின் சூடு முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. தரையும் கூடாது. உள் சுவர் ஓரமாக நிற்கும் பீரோவின் நடுத்தட்டு நல்லது. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. கடலோர ஊர்களில் அது நடக்காது; 65ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பூஞ்சை பெரும்பாலும் வராது. இறுக்க மூடும் எவர்சில்வர் சம்படத்தில் படங்களை அமிலமில்லாக் காகித உறையிலோ பாலிபுரொப்பிலீன் உறையிலோ போட்டு அடுக்கி, பத்து லிட்டர் சம்படத்துக்கு நூறு கிராம் வீதம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள். ஜெல் மணிகள் கரும்பச்சையானால் ஈரம் குடித்து முடித்தது என்று அர்த்தம். வாணலியில் சிறு தீயில் நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறிய பிறகு மறுபடி போடலாம். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. ஜெல்லை அள்ளிப் போட்டு அதிகமாக உலர்த்தினாலும் ஆபத்துதான், ஜெலட்டின் சுருங்கிப் படம் சுருளும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைத் தாக்கும். ஏட்டுச்சுவடிக்கு வைத்த வசம்பையே துணியில் முடிந்து சம்படத்துக்கு வெளியே பீரோத் தட்டில் வைக்கலாம். பட்டுப்புடவைத் துணியில் சுற்றி வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் சாயமும் ஜரிகையும் படத்தில் இறங்கும். கஞ்சி போகத் துவைத்த காடாத் துணி போதும்.

எழுதுவது பென்சிலில், 2பி அல்லது அதைவிட மென்மையானதில், படத்தைக் குப்புறக் கண்ணாடிமேல் வைத்து, ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் புடைக்கும். பிளாஸ்டிக் பூசிய கலர் பிரிண்டில் பென்சில் ஏறாது. உறையில் எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த படங்கள் தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை மூழ்கியபோதும் ஆல்பங்களைத் தூக்கி எறிந்தவர்களே அதிகம். நனைந்த ஆல்பத்தை வெயிலில் பரப்பியதும் தவறு: பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து செங்கல்லாகிவிடும். ஈரமாக இருக்கும்வரை பிரியும் என்பதுதான் சூத்திரம். வாளியில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சேறு போக ஒவ்வொன்றாக அலசி, துணியில் முகம் மேலாகப் பரப்புங்கள். தண்ணீரில் இரண்டு நாளுக்கு மேல் கிடந்தால் கிருமிகள் ஜெலட்டினைத் தின்னத் தொடங்கும். அதற்குள் முடியாது என்றால் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டால் அவசரமில்லை. கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃபிரீசரில் வைக்கக் கூடாது. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களை இப்படித்தான் கழுவி உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள்.

மறுபடி சுவருக்கு வருவோம். புதிதாகப் பெயிண்ட் அடித்த அறையில் உடனே படம் மாட்டாதீர்கள். எண்ணெய்ப் பெயிண்ட் காயும்போது வெளிவிடும் பெராக்சைடு ஆவி, மேலே சொன்ன வெள்ளி பூத்தலை வேகப்படுத்தும். நான்கு வாரமாவது போகட்டும்; பொங்கலுக்கு வெறும் சுவராக இருந்தால் இருக்கட்டும். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை மவுண்ட் கேளுங்கள். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் ஒட்டும் கதையே இல்லை. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் ஒரு தக்கைத் துண்டை ஒட்டினால் சுவரோதம் ஏறாது, பல்லியும் முட்டையிட வேறு இடம் பார்க்கும். சீரியல் பல்பைச் சட்டத்தில் சுற்ற வேண்டாம்.

யாரென்று தெரியாத படங்களைப் போகிக்குக் கொடுக்காமல் காணும் பொங்கல் வரை வைத்திருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் அன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். படத்தை நாலுக்கு ஆறு காகிதத்தில் அச்சிட்டு, தலைக்கு ஒரு எண் போட்டு, பெரியவர் கையில் கொடுங்கள். போன் திரையில் காட்டினால் அவருக்குக் கண்ணாடியைத் தேடவே நேரம் போய்விடும். "இது யார்?" என்று கேட்பதைவிட "இது யார் வீட்டுத் திண்ணை?" என்று தொடங்கினால் பேர்கள் தானாக வரும். போனில் பேச்சைப் பதிவு செய்து, படத்தின் எண்ணையே ஒலிக்கோப்புக்கும் வையுங்கள். 'சொன்னவர்: சின்னத்தை, தை மாதம்' என்று குறிப்பும் வேண்டும்; அத்தையும் மாமாவும் வேறு வேறு பேர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யாருக்கும் அடையாளம் தெரியாத ஸ்டூடியோப் படத்துக்கும் மதிப்பு உண்டு. 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோ, குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தேடித் தேடி எண்மப் பிரதி எடுத்திருக்கிறது. உடை, நகை, பின்னணித் திரை, பித்தளைக் கால் வைத்த நாற்காலி எல்லாமே அவர்களுக்குச் செய்தி.

எல்லாரும் கூடியிருக்கும்போதே பழைய குரூப் படம் ஒன்றைத் தேர்ந்து, அதே வாசலில், அதே வரிசையில் இப்போதைய ஆட்களை நிறுத்தி ஒன்று எடுக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால் எந்த டிசைனரும் தேவையில்லை. இறந்தவரின் இடத்தை வெட்டி ஒட்டி நிரப்ப வேண்டாம், நாற்காலியைக் காலியாக விடுங்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு உப குறிப்பு: பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலக் கரிஷ்மா ஆல்பத்தில் இதயமும் பூவும் சூழ்ந்த படங்களோடு திருப்தி அடையாமல், ஒட்டு வேலை எதுவும் செய்யாத கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தரும்படி முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று ஸ்டூடியோக்கள் பழையதை அழித்துவிடும்.

எடுக்கும் முறை: மாலை நாலு மணிக்கு மேல், முழு நிழலில். வேப்பமர நிழல் வேண்டாம், முகத்தில் பொட்டுப் பொட்டாக வெயில் விழும். போனின் அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் இரு மடங்கு பருத்துவிடுவார், பிறகு அதற்காகவே படத்தை ஒளித்து வைப்பார். சாதாரண லென்ஸில் நாலு மீட்டர் தள்ளி நில்லுங்கள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் மார்பு உயரத்தில் போன் இருக்கட்டும். வெள்ளை வேட்டி வரிசையாக இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து முகங்களைக் கருக்கிவிடும், முகத்தில் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே ஏற்றுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி மோடை அணையுங்கள். கண் சிமிட்டாத ஒரு படம் கிடைக்க எத்தனை எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தில் இருவர் கணக்கே போட்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2006இல் வாங்கினார்கள்: இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், மங்கலில் இரண்டால். பதினைந்து பேருக்கு ஐந்து. நம் வீடுகளில் குழந்தைகளுக்காக இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். போன் எடுப்பது நாலுக்கு மூன்று விகிதம். நாலுக்கு ஆறு காகிதமோ மூன்றுக்கு இரண்டு. கடையில் எதுவும் சொல்லாமல் விட்டால் இயந்திரம் அகலத்தை நிரப்பி, உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை மேலும் கீழுமாக வெட்டிவிடும். பின்வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நிற்பவர்களின் தலை போகும், கீழே சம்மணம் போட்டவர்களின் முழங்கால் போகும். "ஆறுக்கு எட்டில் போடுங்க, இல்லையென்றால் வெள்ளை பார்டர் விடுங்க" என்று சொல்லிவிட்டு, கவுன்டரை விட்டு நகருமுன் முதல் பிரிண்டில் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ, பிரேம், ஸ்கேனிங் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கும்பகோணம்.